அகப்பக்கம் திறக்கவில்லையா? பதறி எதையும் அழித்துவிடாதீர்கள்

தோட்டம் கைமாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. லயத்து வீடுகள் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புப் பகுதி. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் கிள்ளான், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று பிரிந்து போய்விட்டார்கள். அவர்களை இன்றும் ஒன்றுசேர்ப்பது ஓர் அகப்பக்கம். பழைய தமிழ்ப்பள்ளி வகுப்புப் படங்கள், ஆலயத் திருவிழாப் படங்கள், யார் எந்த வரிசை வீட்டில் குடியிருந்தார்கள் என்ற பட்டியல், மறைந்தவர்களின் பெயர்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஒன்றுகூடல் நிகழ்ச்சிக்கான பதிவும் அதில்தான் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு ஞாயிறு காலை. “பதிவு தொடங்கிவிட்டது” என்று புலனக் குழுவில் செய்தி போகிறது. பத்து நிமிடத்தில் அகப்பக்கம் மறைந்து, வெள்ளைத் திரையில் ஒரே ஓர் ஆங்கில வரி: ‘எரர் எஸ்டாப்ளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்‌ஷன்’.

“என்ன தம்பி, படமெல்லாம் போச்சா?” என்று ஒரு பெரியவர் குரல் பதிவு அனுப்புகிறார். “யாரோ ஹேக் பண்ணிட்டாங்க” என்கிறார் இன்னொருவர். “எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம் அண்ணே” என்று மூன்றாமவர் யோசனை சொல்கிறார்.

இந்த மூன்றில் உண்மையிலேயே ஆபத்தானது மூன்றாவதுதான். அந்த ஆங்கில வரியின் பொருள், ‘தரவுத்தளத்துடன் தொடர்பு ஏற்படுத்த முடியவில்லை’ என்பது மட்டுமே. தரவு அழிந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. பெரும்பாலான நேரங்களில் தரவு இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும். அதை எடுத்து வரப் போனவர் கதவுக்கு வெளியே நிற்கிறார், அவ்வளவுதான்.

கிராணியும் பதிவேட்டு அறையும்

தோட்ட அலுவலகம் எப்படி இயங்கியது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். தொழிலாளி முகப்பில் வந்து நின்று தம் கணக்கைக் கேட்பார். கிராணி எழுந்து உள்ளே போவார். பூட்டிய அறையைத் திறந்து செக்ரோல் புத்தகத்தை எடுத்து, பெயரைத் தேடி, வேலை நாள்களைக் கூட்டி, முகப்புக்குத் திரும்பி விவரம் சொல்வார்.

அகப்பக்கமும் இப்படித்தான் இயங்குகிறது. நம் கைப்பேசி, முகப்பில் நிற்கும் தொழிலாளி. சர்வரில் ஓடும் மென்பொருள், கிராணி. உள்ளறையில் இருக்கும் புத்தகங்கள்தாம் தரவுத்தளம். நமது சங்கங்கள், ஆலயங்கள் பலவற்றின் அகப்பக்கங்கள் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் அமைந்தவை. அதன் புத்தக அறையைக் கவனித்துக்கொள்வது மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி. இவ்விரண்டும் உறவுக்காரர்கள். மைஎஸ்க்யூஎல் 1995இல் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் அதிலிருந்து 2009இல் பிரித்தெடுத்து வளர்த்ததே மரியாடிபி. ‘மை’, ‘மரியா’ இரண்டும் அவருடைய மகள்களின் பெயர்கள்.

கிராணி வெறுங்கையோடு திரும்பி வந்தால் காரணம் என்னவாக இருக்கும்? சாவி மாறியிருக்கலாம். அறையின் பெயரைத் தவறாக எழுதி வைத்திருக்கலாம். அறையே வேறு கட்டடத்துக்கு மாறியிருக்கலாம். அறைக் காவலர் மயங்கி விழுந்திருக்கலாம். வாசலில் கூட்டம் நெரிசலாக இருக்கலாம். உள்ளே ஒரு தாள் வைக்கவும் இடமில்லாமல் போயிருக்கலாம். புத்தகத்தின் தையல் பிரிந்திருக்கலாம். தரவுத்தளத் தொடர்புப் பிழைக்கும் இவையே வழக்கமான காரணங்கள். எது என்று தெரியாமல் மருந்து கொடுப்பதுதான் தவறு.

முதலில் செய்ய வேண்டியவை

திரையில் தெரியும் செய்தியைப் படம் பிடித்து, நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஹோஸ்டிங் நிறுவனத்திடம் பேசும்போது இது உதவும்.

இந்தச் செய்தி வருகிறது என்றால் நம் வீட்டு இணையத்தில் கோளாறு இல்லை. சர்வர் நமக்குப் பதில் அனுப்பியதால்தான் அந்த வரியே திரையில் தெரிகிறது. ஆகவே வைஃபை பெட்டியை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை.

அடுத்து, அண்மையில் என்ன மாறியது என்று கேட்க வேண்டும். யாராவது கடவுச்சொல்லை மாற்றினார்களா? அகப்பக்கம் வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டதா? ஹோஸ்டிங் கட்டணம் கட்ட மறந்தாயிற்றா? நேற்று வரை ஓடியது இன்று நின்றது என்றால், இடையில் நடந்த மாற்றம்தான் முதல் சந்தேகப் பேர்வழி. எதையும் மாற்றாமலே நின்றுவிட்டது என்றால் கூட்டம், இடப் பற்றாக்குறை, சர்வர் நின்றுபோதல் ஆகிய மூன்றையும் முதலில் பார்க்கலாம்.

நிர்வாகிகள் நுழையும் டபிள்யூபி-அட்மின் முகவரியையும் திறந்து பார்க்க வேண்டும். அங்கேயும் அதே செய்தி வந்தால் தொடர்பே கிடைக்கவில்லை என்று பொருள். அங்கே மட்டும் ‘அட்டவணைகள் கிடைக்கவில்லை, பழுதுபார்க்க வேண்டியிருக்கலாம்’ என்ற வகையில் வேறொரு செய்தி வந்தால், அறை திறந்துவிட்டது, புத்தகம்தான் பழுது என்று பொருள்.

அறை இருக்கிறதா, பார்ப்பது எப்படி?

ஹோஸ்டிங் நிறுவனம் கொடுத்த கட்டுப்பாட்டுப் பலகைக்குள் நுழைய வேண்டும். பல நிறுவனங்களில் இது சிபேனல் என்ற பெயரில் இருக்கும். அங்கே முதலில் கணக்கு உயிரோடு இருக்கிறதா, இடம் நிரம்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இடம் நூறு விழுக்காட்டைத் தொட்டிருந்தால் தரவுத்தளத்தால் ஒரு வரிகூடப் புதிதாக எழுத முடியாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாதுகாப்புக்காக எடுக்கப்படும் காப்புப் பிரதிகள் அதே கணக்கிலேயே மாதக்கணக்கில் குவிந்து, அவையே இடத்தை அடைத்துவிடுவதுண்டு. பழைய பிரதிகளைச் சொந்தக் கணினிக்கு இறக்கிக்கொண்டு அங்கிருந்து நீக்கினால் போதும்.

அடுத்து, அதே பலகையில் உள்ள பிஎச்பிமைஅட்மின் என்ற கருவியைத் திறக்க வேண்டும். அது திறந்து, இடப்பக்கத்தில் தரவுத்தளத்தின் பெயரும் அதன் கீழே அட்டவணைகளும் தெரிந்தால் பெரியவருக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: “ஒண்ணும் போகலைங்க ஐயா, எல்லாம் அப்படியே இருக்கு.” காவலர் விழித்திருக்கிறார், புத்தகமும் இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் சாவியில்தான். அந்தக் கருவியே திறக்கவில்லை என்றால் தரவுத்தள சர்வர் நின்றிருக்கலாம். பலர் பகிர்ந்துகொள்ளும் ஹோஸ்டிங்கில் அதை நாமே எழுப்ப முடியாது. குறித்து வைத்த நேரத்தைச் சொல்லி நிறுவனத்தின் உதவிப் பிரிவைக் கேட்பதே வழி.

நான்கு வரிகளில் இருக்கும் சாவி

வேர்ட்பிரஸ் தன் சாவியை டபிள்யூபி-கான்ஃபிக் என்ற கோப்பில் வைத்திருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் கவனிக்க வேண்டியவை நான்கே வரிகள்: தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், தரவுத்தளம் இருக்கும் சர்வரின் பெயர்.

பெயர்களில் நேரும் வழக்கமான தவறு ஒன்று உண்டு. சிபேனலில் ‘தோட்டம்’ என்று ஒரு தரவுத்தளம் உருவாக்கினால், பொதுவாக அதன் முன்னால் கணக்கின் பெயரும் ஓர் அடிக்கோடும் சேர்ந்துகொள்ளும். பயனர் பெயருக்கும் அப்படியே. முழுப்பெயரை எழுதாமல் பின்பாதியை மட்டும் எழுதினால் கதவு திறக்காது. வேறு நிறுவனத்துக்கு மாறும்போது இந்த முன்பெயரும் மாறும் என்பதால், பழைய கோப்பை அப்படியே கொண்டுபோய் வைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடவுச்சொல் சரிதானா என்று சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம். கட்டுப்பாட்டுப் பலகையில் அந்தத் தரவுத்தளப் பயனருக்குப் புதிய கடவுச்சொல் கொடுத்து, அதையே கோப்பிலும் எழுதினால் தீர்ந்தது. இது நிர்வாகிகள் அகப்பக்கத்தில் நுழையும் கடவுச்சொல் அன்று, கிராணியின் சாவி மட்டுமே. கூடவே, அந்தப் பயனர் அந்தத் தரவுத்தளத்தோடு இணைக்கப்பட்டு உரிமைகள் வழங்கப்பட்டிருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். பயனரை உருவாக்கிவிட்டு இணைக்க மறப்பது அடிக்கடி நடக்கும்.

நான்காவது வரியில் பெரும்பாலும் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று இருக்கும். கிராணியும் புத்தக அறையும் ஒரே கட்டடத்தில் என்பது அதன் பொருள். சில நிறுவனங்கள் தரவுத்தளத்தைத் தனிச் சர்வரில் வைத்திருக்கும். அங்கே அவர்கள் கொடுத்த முகவரியைத்தான் எழுத வேண்டும்.

இங்கே இன்னொரு பயமுறுத்தும் காட்சியும் வரலாம். பெயரைத் தவறாக மாற்றி, காலியான வேறொரு தரவுத்தளத்தைக் காட்டிவிட்டால், வேர்ட்பிரஸ் தன்னைப் புதிதாக நிறுவச் சொல்லும் படிவத்தைத் திறக்கும். பழையது அழிந்துவிட்டது என்று நினைத்து அதை நிரப்பிவிடுவார்கள். வெற்று அகப்பக்கம் வந்து நிற்கும். அப்போதும் பழைய தரவு தன் பழைய பெயரில் அப்படியே இருக்கும். படிவத்தை நிரப்பாமல் வெளியே வந்து, சரியான பெயரை எழுதினால் எல்லாம் திரும்பிவிடும்.

எண்கள் சொல்லும் சேதி

வெள்ளைத் திரையில் வருவது பொதுவான செய்திதான். உண்மையான காரணம் பிழைப் பதிவேட்டில் ஓர் எண்ணோடு இருக்கும். கட்டுப்பாட்டுப் பலகையில் அதைப் பார்க்கலாம், இல்லையேல் நிறுவனத்தைக் கேட்கலாம். அந்த எண் கையில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

1045 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு.

1044 என்றால் பயனர் சரி, அந்தத் தரவுத்தளத்துக்குள் நுழைய அவருக்கு உரிமை இல்லை.

1049 என்றால் அந்தப் பெயரில் தரவுத்தளமே இல்லை.

2002 அல்லது 2003 என்றால் சர்வர் நின்றிருக்கிறது, அல்லது முகவரி தவறு. தரவுத்தளம் வேறு சர்வரில் இருந்தால், வழக்கமாகப் பயன்படும் 3306ஆம் வாயில் இடையில் அடைக்கப்பட்டிருக்கலாம்.

1040 அல்லது 1203 என்றால் கூட்டம் அளவை மீறிவிட்டது. முதலாவது சர்வர் முழுவதற்கும் உள்ள அளவு, இரண்டாவது ஒரு பயனருக்கு மட்டும் விதிக்கப்பட்ட அளவு.

பிழை விவரத்தைத் திரையிலேயே காட்டும் வசதியும் வேர்ட்பிரஸில் உண்டு. ஆனால் அதில் பயனர் பெயர், கோப்பு இருக்கும் இடம் போன்றவை வெளியாகும். சோதித்து முடித்ததும் அணைத்துவிட வேண்டும்.

கூட்டம் கூடினால்

கதையில் வந்த ஞாயிறு காலையில் நடந்தது 1040 வகைச் சிக்கல். மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான அமைப்பு ஒரே நேரத்தில் 151 தொடர்புகளை ஏற்கும். நிர்வாகிக்கென்று கூடுதலாக ஓர் இடம் வைத்திருக்கும். பகிர்ந்த ஹோஸ்டிங்கில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இதைவிடக் குறைந்த அளவே கொடுக்கப்படுவது வழக்கம்.

பொதுவாக ஒரு தொடர்பு நொடிப்பொழுதில் வேலையை முடித்துக்கொண்டு வெளியேறிவிடும். அதனால் சிறிய அளவே போதும். ஆனால் ஒவ்வொருவரும் கனமான படத்தொகுப்புப் பக்கத்தைத் திறந்து, கிராணி ஒவ்வொரு முறையும் நூறு புத்தகங்களைப் புரட்ட நேர்ந்தால் வரிசை நகராது. திறக்கவில்லையே என்று எல்லாரும் மீண்டும் மீண்டும் அமுக்கும்போது வரிசை இன்னும் நீளும். 2021ஆம் ஆண்டு மே மாதம் அஸ்ட்ராஸெனகா தடுப்பூசிக்கான இணையப் பதிவு திறந்தபோது, பக்கம் ஏறாமல் கைப்பேசியை அமுக்கிக்கொண்டே இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஒரே நேரத்தில் கூட்டம் திரண்டால் எந்தப் பதிவு முறைக்கும் நெருக்கடிதான்.

இதற்குச் செலவில்லாத மருந்து, செய்தியைப் பிரித்து அனுப்புவது. எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நிமிடத்தில் அனுப்பாமல் இடைவெளி விட்டு அனுப்பலாம். அடுத்தது, கேஷ் எனப்படும் வசதி. அடிக்கடி கேட்கப்படும் பக்கத்தை ஒருமுறை தயாரித்து முகப்பிலேயே வைத்துவிட்டால், கிராணி ஒவ்வொருவருக்காகவும் உள்ளே போக வேண்டியதில்லை. இதற்கு வேர்ட்பிரஸில் இலவசச் செருகுநிரல்கள் இருக்கின்றன.

தொடர்புகளின் அளவை மட்டும் கூட்டுவது சரியான தீர்வாகாது. ஒவ்வொரு தொடர்பும் சர்வரின் நினைவகத்தில் இடம் பிடிக்கும். சிறிய சர்வரில் நினைவகம் தீர்ந்தால், லினக்ஸ் இயங்குதளம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதிக இடம் பிடித்திருக்கும் நிரலை நிறுத்திவிடும். பெரும்பாலும் அது தரவுத்தளமாகவே இருக்கும். எழுப்பிவிட்டாலும் மறுபடி விழும் சர்வர்களுக்கு இதுவே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும்.

புத்தகம் பிரிந்திருந்தால்

மின்தடை அல்லது இடப் பற்றாக்குறையால் எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோன அட்டவணைகள் பழுதாகலாம். முதல் வேலை, இருக்கும் நிலையிலேயே ஒரு காப்புப் பிரதி எடுப்பது. பிறகு பிஎச்பிமைஅட்மினில் பழுதான அட்டவணையைத் தேர்ந்து ‘ரிப்பேர்’ கொடுக்கலாம். வேர்ட்பிரஸிலும் இதற்கென்று ஒரு பக்கம் உண்டு. டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் அனுமதி வரி ஒன்றைச் சேர்த்தால் அது திறக்கும். நுழைவுச்சொல் இல்லாமலே யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்க முடியும் என்பதால், வேலை முடிந்ததும் அந்த வரியை நீக்க மறக்கக்கூடாது. எல்லா வகை அட்டவணைக்கும் இந்த முறை பலிக்காது. அப்போது பழைய காப்புப் பிரதியே கை கொடுக்கும்.

சொந்தமாக நிரல் எழுதும் இளையோருக்கு

கல்லூரியில் கற்றதை வைத்துச் சங்கத்துக்குப் பதிவு முறை எழுதித் தரும் இளையோரும் நம்மிடையே இருக்கிறார்கள். லாராவெல் பயன்படுத்துவோர் என்வ் கோப்பில் கடவுச்சொல்லைத் திருத்தியும் பிழை போகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். பழைய அமைப்பு கேஷில் தங்கியிருக்கும். அதைத் துடைத்தால் சரியாகிவிடும். டாக்கர் பயன்படுத்துவோர், ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பது அந்தந்தக் கொள்கலனையே குறிக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தரவுத்தளம் வேறு கொள்கலனில் இருந்தால் அந்தச் சேவையின் பெயரைத்தான் எழுத வேண்டும். தொடர்பைத் திறந்துவிட்டு மூடாமல் விடும் நிரல், சோதனையில் நன்றாக ஓடும். கூட்டம் வரும் நாளில்தான் காலை வாரிவிடும்.

உண்மையான இழப்பு எங்கே?

வேர்ட்பிரஸில் ஏற்றப்படும் படங்கள் தரவுத்தளத்துக்குள் போவதில்லை. அவை சர்வரில் தனிக் கோப்புகளாக இருக்கும். ஆனால் படத்தின் கீழே எழுதிய குறிப்பு, பதிவுகள், கருத்துகள், பதிவு செய்தோர் பட்டியல் யாவும் தரவுத்தளத்தில்தான் உள்ளன. படக்கோப்புகளை மட்டும் காப்பாற்றி வைத்தால் வகுப்புப் படம் மிஞ்சும். மூன்றாவது வரிசையில் இடமிருந்து இரண்டாவதாக நிற்கும் பிள்ளை யார் என்பது போய்விடும். அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆகவே காப்புப் பிரதி என்றால் கோப்புகள், தரவுத்தளம் இரண்டும் சேர்ந்ததுதான். அது சர்வருக்கு வெளியே, குறைந்தது ஓர் இடத்திலாவது இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலை எந்தப் பிழை எண்ணும் காட்டாது. அகப்பக்கத்தை அமைத்துக் கொடுத்த இளைஞர் வேலை மாறிப் போயிருப்பார். முகவரியும் ஹோஸ்டிங்கும் அவர் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் இருக்கும். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு அவர் பார்க்காத மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருக்கும். அவர் மேல் தவறில்லை. சும்மா செய்து கொடுத்தவரிடமிருந்து பொறுப்பை முறையாக வாங்கிக்கொள்ளாதது சங்கத்தின் குறை. முகவரியும் ஹோஸ்டிங்கும் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். கடவுச்சொற்கள் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்க வேண்டும். புலனக் குழுவில் மட்டும் அவற்றைப் போடவே கூடாது. உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்ணும் தொலைபேசி எண்ணும் அந்தச் சாவிக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

ஆண்டுக்கூட்டத்தில் பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிக்கிறார். அதோடு செயலாளர் மூன்று வரிகளைச் சேர்த்து வாசிக்கலாம்: அகப்பக்கக் கட்டணம் எந்தத் தேதியில் முடிகிறது, சாவி யார் யாரிடம் இருக்கிறது, கடைசியாக எடுத்த காப்புப் பிரதியை எப்போது திறந்து சோதித்துப் பார்த்தோம். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், அன்று மாலையே உட்கார்ந்து ஒரு பிரதி எடுத்துவிடுவது நல்லது.